வாகனக் கேள்வி பதில்: மேட்டில் எரிந்த எண்ணெய் விளக்கு

கேள்வி: ஐயா, என்னிடம் 2008ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 3.0 டீசல் பிக்கப் உள்ளது. தோட்டத்து மேட்டுப் பகுதியிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி வருகிறேன். காலையில் முடுக்கியவுடன் சற்று நேரம் வெள்ளைப் புகையும் கடகடவென்ற ஓசையும் வருகின்றன. சென்ற வாரம் மேட்டில் வளையும்போது முகப்புப் பலகையில் எண்ணெய் விளக்கு எரிந்து அணைந்தது. எண்ணெய் அளவு சரியாகவே இருந்தது. பட்டறையில் அந்த விளக்கின் சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. இப்படியே ஓட்டலாமா?
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தயவுசெய்து ஓட்டாதீர்கள். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் இழுத்துக்கொண்டே போங்கள். அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகுதான் அது எரியும். அளவு சரியாக இருந்தும் எரிகிறது என்றால், எண்ணெய் அடியில் இருக்கிறது, மேலே போய்ச் சேரவில்லை என்று பொருள்.

உங்கள் வண்டியில் உள்ள 1கேடி எஞ்சினுக்கு இது பலரும் அறிந்த நோய். டீசலைத் தெளிக்கும் ஒவ்வோர் இஞ்செக்டரின் அடியிலும் ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. அது தளர்ந்தால், எரியும் வாயு அதன் ஓரமாகக் கசிந்து எஞ்சினின் மேல்மூடிக்குள் புகுந்து, அங்குள்ள எண்ணெயைச் சுட்டுக் கரியாக்குகிறது. அந்தக் கரி கட்டியாகி, உதிர்ந்து, அடித்தொட்டியில் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலையில் போய்ப் படிகிறது. வலை அடைபட அடைபட பம்புக்கு எண்ணெய் குறைகிறது. மேடும் வளைவும் சேரும் இடத்தில்தான் அது முதலில் வெளிப்படும். காலை நேரத்து வெள்ளைப் புகைக்கும் ஓசைக்கும் இதே கசிவு காரணமாக இருக்கலாம், தேய்ந்த இஞ்செக்டரும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் ஃபோர்மனிடம் முதலில் சென்சார் இருக்கும் இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, எஞ்சின் சூடான நிலையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கட்டும். மெல்லிய ஆவி வந்தால் கவலையில்லை; புஸ் புஸ்ஸென்று விட்டுவிட்டு வாயு அடித்து, எரிந்த டீசல் வாடை வீசினால் வாஷர் கசிகிறது. அளவீடு எப்படி இருந்தாலும், அடித்தொட்டியைக் கழற்றி வலையைக் கண்ணால் பார்க்காமல் இந்த வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான் பட்டறையில் கழற்றிய ஒரு வலை இன்னும் நினைவில் நிற்கிறது. சட்டியின் அடியில் தீய்ந்த சோற்றைப் போல் கரி அப்பியிருந்தது. திறந்திருந்த இடம் ஓர் ஐம்பது காசு அளவுகூட இல்லை. அந்த உரிமையாளர் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் எண்ணெய் மாற்றியவர். கசிவு இருக்கும்வரை புதிய எண்ணெயும் கரியாகத்தான் செய்யும். அவருடைய பழைய ஃபில்டரை அறுத்து விரித்தபோது, காந்தத்தில் ஒட்டாத பளபளப்பான துகள்கள் மடிப்புகளில் மின்னின. அவை பேரிங்கிலிருந்து தேய்ந்து வந்தவை. உங்கள் ஃபில்டரையும் அப்படி அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துகள் இருந்தால் வலையைச் சுத்தம் செய்வதோடு வேலை முடியாது.

வாஷர்களை மாற்றும்போது நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கழற்றியதை மறுபடியும் பொருத்தக் கூடாது. இஞ்செக்டர் உட்காரும் பள்ளத்தில் சிறிது கரி தங்கினாலும் புதிய வாஷரும் கசியும். எஞ்சினைக் கழுவும் திரவத்தை மட்டும் ஊற்ற விடாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் கரியை அது பெயர்த்துக் கொண்டுபோய், ஏற்கெனவே மூச்சுத் திணறும் வலையிலேயே சேர்த்துவிடும்.

கேள்வி: செம்பனை எண்ணெய் கலந்த பி10 டீசல் பழைய வண்டிகளைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் டிரம்மில் வைத்துத்தான் ஊற்றுகிறோம். உண்மையா?
— தோட்ட ஸ்டோர் ஊழியர், பேராக்

பதில்: நம் மலேசியாவில் 2019இல் புழக்கத்துக்கு வந்த பி10 டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். அது பழைய டேங்கில் படிந்த கசடைக் கரைத்துவிடுவதால், தொடக்கத்தில் ஃபில்டர் சீக்கிரம் அடையும். அதைவிட, சாதாரண டீசலைக் காட்டிலும் அது ஈரத்தை அதிகம் ஈர்ப்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆகவே நான் அஞ்சுவது எரிபொருளை விட உங்கள் டிரம்மைத்தான். வெளியில் நிமிர்த்தி வைத்த டிரம்மின் தலையில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் விரிந்த காற்று மழையில் சுருங்கும்போது, மூடியின் மரை வழியாக அந்த நீர் உள்ளே இழுக்கப்படும். கூரையின் கீழ் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் கிடைநிலையில் இருக்குமாறு வையுங்கள். வண்டியில் ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனிக்கோடாக நீர் நின்றால், தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள். இந்த நீர் இஞ்செக்டருக்குள் போனால் துருப்பிடிக்கும். எல்லா இஞ்செக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போவதால், அந்தச் சிறு துருவே பெரிய செலவாகும்.

கேள்வி: ஹைலக்ஸ் 2.5 வண்டியில் டி-பெல்ட் விளக்கு எரிகிறது. வண்டி நன்றாகவே ஓடுகிறது. பிறகு மாற்றிக்கொள்ளலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கூடாது, அம்மா. டி-பெல்ட் என்பது வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட். அது முன்னறிவிப்பின்றி அறும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டன்மேல் மோதும். பழைய வண்டியாக வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் 150,000 கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றினாரா, அல்லது விளக்கை மட்டும் அணைத்துவிட்டாரா என்று பழைய ரசீதைக் கேட்டுப் பாருங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.