தராசு லைப்ரரி 64 பிட்டுல ஏன் விழுது?

கேள்வி: அண்ணே, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல கமிஷன் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்குறேன். எலக்ட்ரானிக் தராசுல எடை படிக்க சி-ல ஒரு சின்ன லைப்ரரி நானே எழுதி, பைத்தான்ல இருந்து சி ஃபங்ஷனைக் கூப்பிட உதவுற சிடைப்ஸ் (ctypes) வழியா கூப்பிடுறேன். பழைய 32 பிட் லினக்ஸ்ல நல்லா ஓடுச்சு. 64 பிட்டுல கம்பைல் பண்ணிப் போட்டா ஓப்பன் ஆகுது, எடை கேட்டதும் செக்மென்டேஷன் ஃபால்ட்டுன்னு புரோகிராம் விழுந்துருது. ஓப்பன் ஃபங்ஷன் தர்ற பாயிண்டரை (மெமரி முகவரியை) பிரிண்ட் பண்ணா சில நேரம் மைனஸ் நம்பர் வருது. விண்டோஸ்லயும் கேக்குறாங்க, என்ன செய்ய?
- வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, அந்த மைனஸ் நம்பர்லயே விஷயம் இருக்கு. ஃபங்ஷன் என்ன திருப்பித் தரும்னு நீங்க சொல்லலைன்னா சிடைப்ஸ் அதை சாதா இன்ட்னு எடுத்துக்கும், அதாவது 4 பைட். 32 பிட்டுல பாயிண்டரும் 4 பைட்டுதான், அதனால தப்பு வெளிய தெரியல, 64 பிட்டுல பாயிண்டர் 8 பைட், மேல் பாதி வெட்டுப்பட்டு மிச்சம்தான் உங்க கைக்கு வருது, அதைத் திருப்பி அனுப்புனா விழத்தான செய்யும்.

ஃபங்ஷன் திருப்பித் தர்ற வகையைச் சொல்ற ரெஸ்டைப்பை (restype) பாயிண்டர் வகையான சி_வாய்ட்_பி-ன்னு (c_void_p) வைங்க. அதோட நிறுத்திராதீங்க, நிறையப் பேரு இங்கதான் விட்டுர்றாங்க! அப்படி வச்சாலும் பைத்தானுக்கு வர்றது வெறும் முழு எண்தான், ஃபங்ஷனுக்குள்ள அனுப்புறதோட வகையைச் சொல்ற ஆர்க்டைப்ஸ் (argtypes) போடாம அடுத்த ஃபங்ஷனுக்கு அனுப்புனா அங்கயும் இன்ட்டா மாறி திரும்ப வெட்டுப்படும். அதனால ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ரெண்டையும் எழுதிப்புடுங்க.

விண்டோஸ்க்குப் போறதுக்கு முன்னாடி சி பக்கம் லாங்குங்கிற (long) முழு எண் வகை எங்கெங்க இருக்குன்னு தேடுங்க. 64 பிட் லினக்ஸ்ல லாங் 8 பைட், 64 பிட் விண்டோஸ்ல 4 பைட்டுதான். எடையை லாங்ல வச்சு, பைத்தான்ல 8 பைட்டுன்னு படிச்சா விண்டோஸ்ல குப்பைதான் வரும். சி மொழியோட சி99 தரத்துலயே அளவு மாறாத இன்ட்32_டி (4 பைட்), இன்ட்64_டி (8 பைட்) எல்லாம் வந்துருச்சு, அதைப் போடுங்க. தேதி நேரத்தை, சிஸ்டத்துக்கு சிஸ்டம் அளவு மாறுற டைம்_டி-யா அனுப்பாம இன்ட்64_டி-யா அனுப்புங்க. பஃபர் (தகவல் வச்சுக்கிற மெமரி இடம்) நீளத்துக்கு மட்டும் சைஸ்_டி-ங்கிற அளவு வகை இருக்கட்டும்.

பல மதிப்பை ஒண்ணாக் கட்டி வைக்கிற ஸ்ட்ரக்ட்டை (struct) வெளிய காட்டவே வேணாம்னு நான் சொல்லுவேன். இன்ட்32_டி ஒண்ணு, அடுத்து ஒரு டபுள் (8 பைட் தசம எண்) வச்ச ஸ்ட்ரக்ட் 32 பிட் எக்ஸ்86 லினக்ஸ்ல 12 பைட், 64 பிட்டுல நடுவுல 4 பைட் சும்மா விட்டு 16 ஆயிரும், ஆஃப்செட்டை (எது எத்தனாவது பைட்டுல இருக்குங்கிறதை) கையால கணக்குப் போட்டுப் படிக்கிறவங்க இதுலதான் மாட்டுறாங்க. பாயிண்டரை, உள்ள பாக்காம அப்படியே திருப்பித் தர்ற ஹேண்டிலா மட்டும் குடுத்துட்டு, எடை எடுக்க ஒரு ஃபங்ஷன், மூட ஒண்ணுன்னு வச்சுக்கிருங்க. ஸ்ட்ரக்ட் வெளிய போயே ஆகணும்னா அதோட சைஸ்ஆஃப்-பை (மொத்த பைட் அளவை) திருப்பித் தர்ற ஃபங்ஷன் ஒண்ணு சேத்து, புரோகிராம் ஆரம்பிக்கும்போதே பைத்தான் கணக்கோட ஒத்துப்பாருங்க, ஒத்து வரலைன்னா அங்கயே நிப்பாட்டிருங்க, தப்பான எடையில பில் போயிரக்கூடாது.

விண்டோஸ்ல இன்னொண்ணு, சிஸ்டம் 64 பிட்டா இருந்தாலும் கடைக்காரர் போட்டிருக்கிற பைத்தான் 32 பிட்டா இருக்கலாம், அதுல 64 பிட் டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரி ஃபைல்) ஏறவே ஏறாது, ரெண்டு டிஎல்எல்-லும் கம்பைல் பண்ணி பைத்தானோட பிட்டைப் பாத்து லோட் பண்ணுங்க.