பிட்யூட்டரி வளர்ந்தால் கட்டிதானா?

கேள்வி: கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி பெரிதாகும் என்று படித்தேன். அது கட்டியா? அதை வளர வைப்பது எது, நிறுத்துவது எது?

பதில்: கட்டி இல்லை, பயப்படாதீர்கள். மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள இந்தச் சுரப்பியில், தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பல மடங்கு ஏறும்போது அவை பருத்து, எண்ணிக்கையிலும் பெருகி, பிரசவத்துக்குப் பிறகு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இந்தச் செல்களின் கடிவாளம் டோபமைன் என்ற வேதிப்பொருளின் கையில். அது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து வந்து, செல்லின் மேலுள்ள டி2 ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு, புரோலாக்டின் சுரப்பதையும் செல் பெருகுவதையும் சேர்த்தே அடக்கிவிடும். அதனால்தான் புரோலாக்டின் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிகளில் பலவும், டோபமைனைப் போல வேலை செய்யும் கேபர்கோலின் மாத்திரையிலேயே, அறுவை சிகிச்சை இல்லாமல் சுருங்கிவிடுகின்றன. எனக்கு இது இன்றும் வியப்புதான்! சுரப்பிக்குள்ளேயே உருவாகும் டிஜிஎஃப்-பீட்டா1 என்ற வளர்ச்சிக் காரணியும் இந்தச் செல்களைத் தடுக்கும்; எலிகளில் ஈஸ்ட்ரோஜன் அந்தத் தடையையே தளர்த்திவிடுகிறது.

அப்புறம் ஒன்று. தைராய்டு சுரப்பு நெடுநாள் குறைந்திருந்தால், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி செல்கள் பெருகி, ஸ்கேனில் கட்டி மாதிரியே தெரியலாம். தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரை எடுத்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். எனவே ஆபரேஷன் என்ற பேச்சு வந்தால், தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.