கல்லாவுக்கு அடியில் ஒரு துப்பாக்கி?

கேள்வி: மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நாணய மாற்றுக் கடை நடத்துகிறேன். போன மாதம் கடை சாத்தும் நேரத்தில் இரண்டு பேர் பாராங் என்ற நீள வெட்டுக்கத்தியோடு புகுந்து பணப்பையைப் பறித்தார்கள். கையில் ஒன்பது தையல். துப்பாக்கி லைசன்ஸ் கிடைக்குமா? “திருடனுக்குத் தாய்லாந்திலிருந்து துப்பாக்கி வருது, சட்டமெல்லாம் நமக்குத்தான்” என்கிறார் மச்சான்.

பதில்: விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி முடிவெடுப்பவர் மாநில போலீஸ் தலைவர். இங்கே துப்பாக்கி வைத்திருப்பது யாருக்கும் உரிமை அல்ல. அவர் திருப்திப்பட்டால் கிடைக்கும் சலுகை, அவ்வளவுதான். பயமாக இருக்கிறது என்ற ஒரு காரணம் மட்டும் பெரும்பாலும் போதாது.

மச்சான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் வந்தவர்கள் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பாராங். 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 ரோத்தான் (பிரம்படி). கொள்ளையின்போது கொல்லும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும், 2023 வரை கட்டாயத் தூக்கு. இப்போது தூக்கா, 30 முதல் 40 ஆண்டு சிறையும் ரோத்தானுமா என்பதை நீதிபதி முடிவு செய்வார். பணப்பைக்காக வருகிறவன் இந்தக் கணக்கைப் போடாமலா இருப்பான்? 2017 மதிப்பீட்டின்படி தாய்லாந்தில் நூறு பேருக்குச் சுமார் 15 துப்பாக்கி பொதுமக்களிடம் இருந்தது; நம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லை ஒன்றுதான், நிலைமை வேறு. குண்டடி படாமல் ஒன்பது தையலோடு நீங்கள் தப்பியதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். (மச்சானிடம் இதைச் சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவார்.)

ஆனால் ஆளைக் குறிவைத்து வருகிறவனை இந்தச் சட்டம் தடுப்பதில்லை. 2013 ஜூலையில் கோலாலம்பூரில் வங்கியாளர் ஹுசேன் நஜாடியைப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். திட்டம் போட்டுக் கொல்ல வருகிறவனுக்குச் சட்டப் புத்தகம் பெரிதாகத் தெரியாது. ஆத்திரத்தில் கை நீட்டுகிறவனுக்கும் சில்லறைத் திருடனுக்கும் துப்பாக்கி எட்டாமல் வைப்பதுதான் அது ஒழுங்காகச் செய்யும் வேலை.

எனக்குக் கவலை தரும் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2016 டிசம்பரில் இங்கே குளுகோரில் ஒரு தொழிலதிபரும் வேறு இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் பிடிபட்டவர் அந்தத் தொழிலதிபரின் சொந்த மெய்க்காவலர். 2013இல் சுபாங் ஜெயாவில் வங்கி அதிகாரி ஒருவரைச் சுட்டது அந்த வங்கியின் ஜாகா (காவலாளி); அவரிடம் இருந்தது போலி மைகார்ட் (அடையாள அட்டை). திருடனுக்குப் பயந்து பக்கத்தில் நிறுத்திய துப்பாக்கிதான் இரண்டு இடத்திலும் வெடித்தது. ஆயுதம் ஏந்திய ஜாகாவை வைக்க நினைத்தால், நிறுவனத்துக்கு உள்துறை அமைச்சின் லைசன்ஸ் இருக்கிறதா, வருகிற ஆளின் மைகார்ட் அசலா என்று நீங்களே பாருங்கள். நிறுவனத்தின் வாய்ச்சொல் போதாது.

லைசன்ஸே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள் நுழைந்த ஆள் உங்களை எட்ட இரண்டு எட்டுதான். நீங்கள் பூட்டைத் திறந்து எடுப்பதற்குள் அவன் பறித்துவிட்டால், இதுவரை துப்பாக்கி இல்லாதவனுக்கு நீங்களே ஒன்று கொடுத்தது போலாகும். சுட்டாலும் தலைவலிதான்: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது தண்டனைச் சட்டத்தின் 99ஆவது பிரிவு. ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு அதை நீதிமன்றத்தில் விளக்குவது சுலபமல்ல.

பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். அசல் போலத் தெரியும் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதற்கே ஓராண்டு வரை சிறையோ 5,000 ரிங்கிட் வரை அபராதமோ உண்டு. காரில் பாராங் வைத்துக்கொண்டு சுற்றுவதும் குற்றம்தான்.

கடை சாத்தும் நேரத்தைத் தினமும் மாற்றுங்கள். பெரும்பணத்தைப் பகலிலேயே வங்கியில் கட்டிவிடுங்கள். போலீஸ் ரிப்போர்ட் பற்றிக் கேள்வியில் ஒரு வரிகூட இல்லையே? போடவில்லை என்றால் நாளைக் காலையே போய்ப் போடுங்கள். ரிப்போர்ட் இல்லாமல் லைசன்ஸ் விண்ணப்பத்தைக் கொண்டுபோனால், கொள்ளையே நடந்ததா என்றுதான் முதலில் கேட்பார்கள்.