பீரோவுக்குள் கதவு தேடும் மகள்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கோடை விடுமுறையில் நார்னியா கதை வரிசையின் முதல் இரண்டு புத்தகங்களைப் படித்து முடித்தாள். "அத்தனை வருஷம் ராஜா ராணியா இருந்தவங்களைத் திரும்பக் குழந்தையாக்கி ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்களே, இது தண்டனை இல்லையாம்மா?" என்று கேட்டு அழுதாள். "அதெல்லாம் வெறும் கதைடி" என்றேன். அதன் பிறகு அந்தப் பேச்சையே என்னிடம் எடுப்பதில்லை. போன வாரம் பீரோவைத் திறந்து, புடவைகளை விலக்கி, பின்பக்கத் தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி இப்படிப்பட்ட புத்தகமே வேண்டாம் என்கிறார் கணவர். நிறுத்திவிடலாமா? அவள் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் முதலில் அந்தப் பீரோவைக் கவனியுங்கள். கதையில் பிள்ளைகள் ஒரு மர அலமாரி வழியாகத்தான் நார்னியா என்ற மாய உலகத்துக்குப் போகிறார்கள். அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வது மடத்தனம் என்று நார்னியாவை எழுதிய சி.எஸ். லூயிஸே முதல் புத்தகத்தில் ஒரு முறைக்கு மேல் எச்சரித்திருக்கிறார். நம் வீட்டு இரும்பு பீரோவோ அந்த மர அலமாரியைவிட ஆபத்தானது. பூட்டிக்கொண்டால் உள்ளிருந்து திறப்பதற்கு வழியே இல்லை. சாவியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வரும் பக்கத்தை அவளையே தேடி எடுத்து உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் திட்டுவதைவிட லூயிஸ் சொல்வதற்கு அவள் கட்டுப்படுவாள்.

இனி அவளுடைய கேள்விக்கு வருகிறேன். 1950-இல் வெளிவந்த முதல் புத்தகத்தில், போர்க்கால லண்டனின் குண்டுவீச்சுக்குத் தப்பிக் கிராமப்புறத்தில் ஒரு பேராசிரியரின் வீட்டுக்கு அனுப்பப்படும் நான்கு பிள்ளைகள், அலமாரி வழியாக நார்னியாவுக்குப் போய், அங்கேயே வளர்ந்து பெரியவர்களாகி, நெடுங்காலம் ஆண்டுவிட்டு, ஒரு நாள் வேட்டைக்குப் போன இடத்தில் வழி தவறித் திரும்பவும் அலமாரியிலிருந்து வெளியே வந்து விழுகிறார்கள்; இங்கே பார்த்தால் அதே நாள், அதே நேரம், அதே சிறுவர் உடம்பு. ஒரு முழு ஆயுளின் அனுபவத்தை லூயிஸ் ஓரிரு பக்கங்களில் கழற்றி வைத்துவிடுகிறார். எனக்கும் அந்த இடம் அவசரமாக எழுதியதாகவே படுகிறது. ஆகவே உங்கள் மகள் கற்பனைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் அழவில்லை. ஆசிரியர் பதில் சொல்லாமல் கடந்துபோன இடத்தில் சரியாகக் கையை வைத்திருக்கிறாள். அவள் வயதுக்கு அது நல்ல வாசிப்பு.

தண்டனையா என்பதற்கு இரண்டாவது புத்தகத்திலேயே ஒரு பாதிப் பதில் உண்டு. பள்ளிக்குப் போக ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது மீண்டும் நார்னியாவுக்கு இழுக்கப்படும் அந்த நால்வரில் ஒருவனான எட்மண்ட், ஒரு குள்ளனோடு வாள் வீசிப் பார்க்கும் இடம் நினைவிருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள். பள்ளிச் சிறுவனின் கைதான். ஆனால் அந்த மண்ணின் காற்று பட்டதும், பழைய போர்களெல்லாம் நினைவுக்கு வந்து, தோளும் விரல்களும் பழைய வித்தையைத் தாமாகவே செய்யத் தொடங்குகின்றன. கற்றது உள்ளேயே இருந்திருக்கிறது. பாதிப் பதில் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்த வித்தை திரும்புவது நார்னியாவில்தான், இங்கிலாந்தில் அல்ல என்பது.

மீதிப் பாதியைச் சொல்வதற்கு முன், நீங்கள் சொன்ன "வெறும் கதை" என்ற பதிலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். முதல் முறை போய்த் திரும்பிய, நால்வரில் இளையவளான லூசிக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அண்ணனும் அக்காவும் கவலையோடு பேராசிரியரிடம் போக, அவர் நிதானமாகக் கேட்கிறார்: இந்தப் பெண் பொய் சொல்பவளா? இல்லை. புத்தி பேதலித்தவளா? பார்த்தாலே தெரிகிறது, இல்லை. அப்படியானால், வேறு சான்று கிடைக்கும்வரை அவள் உண்மையைச் சொல்கிறாள் என்றுதானே கொள்ள வேண்டும்? பேராசிரியர் அலமாரியைத் திறந்து சோதிக்கவில்லை. குழந்தையின் சொல்லை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டார். லூசிக்கு வேண்டியிருந்தது அதுதான். மாய உலகத்துக்குப் போய்த் திரும்பும் கதைகளில் போவதற்கான வழி எப்படியும் அமைந்துவிடுகிறது, புயலோ அலமாரியோ ஏதோ ஒன்று. திரும்பி வந்த பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

எல்.ஃப்ராங்க் பாம் 1900-இல் எழுதிய கதையில், புயலில் ஓஸ் என்ற மாய நாட்டுக்கு அடித்துச் செல்லப்பட்ட சிறுமி டாரத்தி கன்சாஸுக்குத் திரும்பும் கடைசி அத்தியாயம் ஒரு பக்கம்கூடத் தேறாது. சித்தி முட்டைக்கோசுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள், சித்தப்பா பால் கறந்துகொண்டிருக்கிறார், முடிந்தது. ஆனால் 1910-இல் வந்த ஆறாவது புத்தகத்தில், புயல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு கட்ட வாங்கிய கடனில் பண்ணையே மூழ்கப்போகிறது. டாரத்தி சொல்வதையெல்லாம் கனவென்றே நினைத்திருந்த சித்தப்பாவையும் சித்தியையும் அவளே ஓஸுக்கு அழைத்துக்கொள்கிறாள். (1939-இல் வந்த திரைப்படம் ஓஸை வெறும் கனவாக்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு மகள் கோபப்பட்டால் நான் அவள் பக்கம்.) 1911-இல் நாவலாக வந்த பீட்டர் பான் கதை இன்னும் கறாரானது. மாயத் தீவிலிருந்து பறந்து வீடு திரும்பிய பையன்கள் இரவில் மறுபடி பறந்துவிடாதபடி அவர்களுடைய கால்களைக் கட்டில் காலோடு கட்டி வைக்கிறது வீட்டு நாய். பகலில் அவர்கள் பஸ்ஸிலிருந்து விழுவதுபோல் விளையாடுகிறார்கள். நாளாக ஆக, பிடியை விட்டால் நிஜமாகவே அடிபடுகிறது. பறக்க முடியாமல் போனதைப் பயிற்சிக் குறைவு என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு அடுத்ததாக நான் பரிந்துரைப்பது நார்னியாவின் ஆறாவது புத்தகம். 1955-இல் வெளிவந்தது; கதைப்படி எல்லாவற்றுக்கும் முந்தியது. அதில் வரும் டிகோரி என்ற சிறுவனின் தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். நார்னியா பிறந்த நாளில் அங்கே இருக்க நேரும் அவனை, ஒரு ஆப்பிளைப் பறித்துவரும்படி அந்த உலகத்தைப் படைத்த சிங்கமான அஸ்லான் அனுப்புகிறது. அந்தப் பழத்தைத் திருடிக்கொண்டு போனால் தாய் பிழைத்துவிடுவாள் என்று சூனியக்காரி ஆசை காட்ட, துடித்துப்போனாலும் அவன் திருடாமல் கொண்டுவந்து ஒப்படைக்கிறான். பிறகு அஸ்லானே தரும் வேறொரு ஆப்பிளோடு வீடு திரும்பி, தோல் சீவித் துண்டு துண்டாக நறுக்கித் தாய்க்கு ஊட்டுகிறான். அவள் பிழைக்கிறாள். மிஞ்சிய நடுப்பகுதியைத் தோட்டத்தில் புதைக்கிறான், அது மரமாகிறது. பல வருடம் கழித்துப் புயலில் அந்த மரம் சாய்ந்தபோது, விறகாக்க மனம் வராமல் அந்தப் பலகையில் ஓர் அலமாரி செய்து வைக்கிறான். லூசி நுழைந்தது அதற்குள்தான். அவளை நம்பிய பேராசிரியர், வயதான டிகோரி.

மீதிப் பாதி இதுதான். போய்த் திரும்பிய ஒருவன், இன்னொரு குழந்தை சொல்வதை நம்பக்கூடிய பெரியவனாக வளர்ந்திருக்கிறான். இதை நீங்கள் முன்கூட்டியே விளக்கிவிடாதீர்கள்; அவளே அந்தப் பக்கத்துக்கு வந்து கத்தட்டும். இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். லூயிஸின் தாய் 1908-இல் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு 9 வயது. இதையறிந்து அந்த ஆப்பிள் அத்தியாயத்தைப் படிக்கும்போது, வீடு திரும்புவதை இவர் தண்டனையாக நினைத்திருக்கவே முடியாது என்று தோன்றுகிறது. முடிந்தால் அதை இரவில் நீங்களே அவளுக்கு வாய்விட்டு வாசியுங்கள். கணவரும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். வீடு திரும்பிய பிறகும் மனம் ஒட்டாத பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதி நடப்பதாக ஷானன் மக்வைர் 2016-இல் எழுதிய குறுநாவல் ஒன்று உண்டு. அவளுடைய கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொள்வதாலேயே எவராவது அதைப் பரிந்துரைக்கக்கூடும். ஆனால் அதில் கொலைகள் வருகின்றன, பதின்பருவத்தின் பிற்பகுதிவரை காத்திருங்கள். நார்னியாவின் ஏழாவது புத்தகத்தை (1956) அவளுக்கு முன் நீங்கள் படித்துவிடுங்கள். அதில் மரணங்கள் இருக்கின்றன. அத்தோடு, மூத்தவள் சூசன், நார்னியா என்பதே சிறுவயதில் ஆடிய விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டு, உதட்டுச் சாயமும் விருந்து அழைப்புகளுமாக இருப்பதாகச் சொல்லி, கதை அவளை வெளியே விட்டுவிடுகிறது. உங்கள் மகள் இங்கே நிச்சயம் சண்டைக்கு வருவாள், நியாயமும் அவள் பக்கம்தான். லூயிஸ் உயிரோடிருந்தபோதே பிள்ளைகள் அவருக்கு இதைக் கேட்டு எழுதினார்கள். சூசனுக்கு இன்னும் காலம் இருக்கிறது, அவள் தன் வழியில் வந்து சேரலாம் என்று 1957-இல் ஒரு சிறுவனுக்கு அவர் பதில் எழுதினார். சூசனின் மீதிக் கதையைத் தன்னால் எழுத முடியாது, நீங்களே முயன்று பார்க்கலாமே என்று 1960-இல் இன்னொரு வாசகருக்கு எழுதினார். அந்தச் சமயத்தில் உங்கள் மகளுக்கு ஒரு நல்ல கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். அவள் கேட்டாலொழிய எடுத்துப் படிக்காதீர்கள்.