இன்டீரியர் டிசைன் படித்தால் வேலை உண்டா, ஒரு வருட டிப்ளமோவுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி கேட்டவர் காவேரிப்பட்டினம். தங்கச்சி பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறாள், இன்டீரியர் டிசைன்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், அப்பா "சுவருக்கு கலர் சொல்றதுக்கு எதுக்கு காலேஜ்" என்கிறார், பெங்களூரில் ஓர் இடத்தில் ஒரு வருட டிப்ளமோவுக்கு உடனே பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருக்கிறார். நான் கிருஷ்ணகிரிக்காரி, ஓசூரில் இதே தொழில்தான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்த வாரம் பணம் கட்டாதீர்கள். "இன்றைக்கே சேர்ந்தால் சலுகை" என்று சொல்கிற இடத்தில் அந்தச் சலுகை அடுத்த மாதமும் இருக்கும், கவலைப்படாதீர்கள்.

அப்பா சொல்வதிலும் தப்பில்லை, வெளியே இருந்து பார்த்தால் இந்த வேலை அப்படித்தான் தெரியும். ஆனால் கலர், திரை, சோபா எல்லாம் கடைசியில் வருகிறவை. அதற்கு முன்னால் நடக்கிற வேலைக்குத்தான் படிப்பு. ஒரு சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். பிளானில் சுவருக்குச் சுவர் பத்தடி என்று போட்டிருக்கும். டேப்பைப் பிடித்தால் தரைப்பக்கம் பத்தடி, மேடை உயரத்தில் மூன்று நூல் (எட்டு நூல் ஓர் இஞ்சு) குறையும், பரண் உயரத்தில் ஓர் இஞ்சு கூடும். கொத்தனாரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, பூச்சு அப்படித்தான் வரும். ஆனால் தொழிற்சாலையில் மெஷினில் அறுத்து வருகிற பெட்டி மில்லிமீட்டர் பிசகாமல் நேராக வரும், அந்த நேரான பெட்டியை இந்தக் கோணல் சுவருக்குள் உட்கார வைக்க வேண்டும். அதனால் மூன்று உயரத்தில் அளந்து, இருப்பதிலேயே குறைந்த அளவைப் பிடித்து, மூலைக்கு மூலமட்டம் வைத்துப் பார்த்து, மிச்சம் வருகிற இடைவெளிக்கு ஃபில்லர் பலகை விட்டு, தண்ணீர்க் குழாய், சிங்க் வடிகால், பிளக் பாயின்ட் எல்லாம் எந்த உயரத்தில் வருகிறது என்று வரைந்து கொடுத்தால்தான் ஆசாரி வேலையைத் தொடங்க முடியும். இதில் ஒரு கோடு தப்பினால் டிராயர் திறக்கும்போது கதவு நிலையில் இடிக்கும். அப்புறம் அந்த வீட்டம்மா ஆயுளுக்கும் நம்மைத் திட்டிக்கொண்டே சமைப்பார்.

இன்னொன்று, இது புத்தகத்தில் இருக்காது. சமையல் மேடை உயரம் பொதுவாக 34 இஞ்சு வைப்போம். நம் பக்கத்து வீடுகளில் ராகிக் களி கிண்டுவார்கள். 34 இஞ்சு மேடை, அதன் மேல் அடுப்பு, அதன் மேல் பானை, அதற்குள் துடுப்பைப் போட்டு மேலிருந்து அழுத்திக் கிண்ட ஐந்தடி உயர அம்மாவால் எப்படி முடியும்? தோள் எகிறும், பானை வழுக்கும், கடைசியில் இறக்கித் தரையில் வைத்துக் கிண்டுவார்கள். அதனால் அடுப்பு வருகிற பக்கம் மட்டும் மேடையை நாலு இஞ்சு இறக்கிக் கட்டச் சொல்வேன். பார்வைக்கு ஒரே மட்டமாக இல்லையே என்று மகன் முகம் சுளிப்பான், அம்மா சிரிப்பார். மனித உடம்பின் அளவுகளை வைத்துப் பொருளின் அளவைத் தீர்மானிப்பது என்று முதல் வருடத்திலேயே ஒரு பாடம் வரும், அதை நம் ஊர் அம்மாக்களுக்குப் பொருத்திப் பார்க்கிற புத்தி இருந்தால் அதுவே டிசைன். உங்கள் தங்கச்சிக்கு இப்படிப்பட்ட விஷயங்களில் ஆர்வம் வருகிறதா என்று பாருங்கள். அழகான அறைப் படங்களை போனில் சேர்த்து வைக்கிற ஆர்வம் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்குத் தெரிந்து அதை நம்பிச் சேர்ந்த பாதிப் பேர் இரண்டாம் வருடம் மின்சார டிராயிங் வரும்போதே சோர்ந்துவிட்டார்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். காமர்ஸ் எடுத்தவள் என்பதால் பி.ஆர்க். என்கிற ஆர்க்கிடெக்சர் பட்டம் கிடையாது, அதற்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும், நாட்டா அல்லது ஜே.இ.இ. இரண்டாம் தாள் நுழைவுத்தேர்வும் எழுத வேண்டும், ஐந்து வருடம். நான்கு வருட பி.டெஸ். என்கிற டிசைன் பட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவு படித்திருந்தாலும் பெரும்பாலான இடங்களில் சேரலாம். மூன்று வருட பி.எஸ்ஸி. இருக்கிறது. இதுபோக பாலிடெக்னிக்கில் ஆர்க்கிடெக்சுரல் அசிஸ்டென்ட்ஷிப் என்ற மூன்று வருட டிப்ளமோ, சில ஐ.டி.ஐ.க்களில் இன்டீரியர் டிசைன் அண்டு டெக்கரேஷன் என்ற ஒரு வருட டிரேடு. கடைசி இரண்டையும் யாரும் மதிப்பதில்லை, ஆனால் சைட்டில் சரியாக வரைகிற பையன்கள் அங்கிருந்துதான் நிறைய வருகிறார்கள், இதை நான் பார்த்துச் சொல்கிறேன்.

பெரிய பெயர் வேண்டுமென்றால் அகமதாபாத் என்.ஐ.டி., அதாவது நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன், 1961-ல் தொடங்கியது, அங்கே ஃபர்னிச்சரும் இன்டீரியரும் சேர்ந்த பி.டெஸ். உண்டு, தனி நுழைவுத்தேர்வு, இடங்கள் மிகக் குறைவு. அதே ஊரில் செப்ட் பல்கலைக்கழகம். என்.ஐ.டி.க்கு பெங்களூரிலேயே வளாகம் இருக்கிறதே, பக்கம்தானே என்று நினைப்பீர்கள், அங்கே முதுகலை மட்டும்தான். ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் யூசீட் என்கிற டிசைன் நுழைவுத்தேர்வையும் சிலர் சொல்வார்கள். எழுதட்டும், தப்பில்லை, ஆனால் ஐ.ஐ.டி.க்களின் பி.டெஸ். இன்டீரியருக்கென்று உள்ள படிப்பில்லை.

ஒரு சட்ட விஷயமும் தெரிந்திருக்கட்டும். ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பக்கத்தில் போட 1972-ம் வருடச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு கவுன்சில் நம் நாட்டில் இல்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. டிகிரி இல்லாமலும் நுழையலாம் என்பது நல்லது, மூன்று மாதம் படித்த ஆளும் நீங்களும் ஒரே போர்டு என்பது கெட்டது. அதே காரணத்தால்தான் தெருவுக்குத் தெரு "சர்வதேசச் சான்றிதழ்" இன்ஸ்டிடியூட்டுகள். எனவே அந்த பெங்களூர் இடத்துக்கு நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும்? பதிலில் மென்று விழுங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். நாளைக்கு அவள் எம்.டெஸ். படிக்கவோ வெளிநாடு போகவோ நினைத்தால் அந்தப் பெயர்தான் பேசும்.

பதில் சரியாக இருந்தால், அடுத்து உள்ளே போய் அவர்களுடைய மரவேலைப் பட்டறையைப் பாருங்கள். வரவேற்பறை எல்லா இடத்திலும் பளபளப்பாகத்தான் இருக்கும். பட்டறையில் தரையில் மரத்தூள் இருக்கிறதா, மெஷின் ஓடுகிறதா, மாணவர்கள் செய்த நாற்காலி ஒன்றாவது உட்காரும் நிலையில் இருக்கிறதா? நான் கல்லூரியை மதிப்பிடுவது இதை வைத்துத்தான். ஐ.எஸ். 303 தர சாதாரணப் பிளைவுட்டுக்கும் ஈரம் தாங்குகிற ஐ.எஸ். 710 தர மரைன் பிளைவுட்டுக்கும் வித்தியாசத்தைப் பலகையில் எழுதிப் போட்டால் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். சிங்க்குக்கு அடியில் சாதாரணப் பிளை போட்டு இரண்டு மழைக்காலத்தில் உப்பி வாய் பிளந்து நின்ற பலகையைக் கையால் ஒருதடவை தொட்டால் போதும். அப்புறம் இன்டர்ன்ஷிப் எத்தனை மாதம், யார் ஏற்பாடு செய்வது என்றும் கேளுங்கள். "ஸ்டூடன்ட்ஸே தேடிக்குவாங்க" என்றால் அவர்களுக்குத் தொழில்காரர்களோடு தொடர்பில்லை என்று அர்த்தம்.

கட்டணத்துக்கு மேல் செலவும் இருக்கிறது, இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. மாடல் செய்ய அட்டை, பிரின்ட், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். மென்பொருளுக்குப் பயப்பட வேண்டாம், வரைவதற்கும் 3டி படத்துக்கும் வேண்டிய ஆட்டோகேட், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் மூன்றையும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது, வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். அதனால் "ஆட்டோகேட் சொல்லித் தருகிறோம்" என்பதற்காக மட்டும் லட்சக்கணக்கில் கட்டாதீர்கள்.

வேலை? இருக்கிறது, நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கிறது, ஏனென்றால் பெங்களூர் பக்கம். ஆனால் டி.வி.யில் பார்க்கிற வேலை இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டி, வைட்ஃபீல்டு பக்கம் கம்பெனி ஆபீஸ்களுக்கு உள்வேலை செய்கிற ஒப்பந்த நிறுவனங்கள் எடுப்பது நிறைய. அங்கே வீட்டு அழகு பற்றிப் பேச்சே வராது. சீலிங் டிராயிங் ஒன்றைப் பார்த்தால் புரியும்: ஒரே தாளில் விளக்கு, ஏ.சி. காற்று வருகிற கிரில், தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர், புகை டிடெக்டர், ஸ்பீக்கர் எல்லாம் வரும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிற தீப் பாதுகாப்பு இடைவெளியும் கெடாமல், வரிசையும் கோணாமல் வைக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர்காரர் ஒன்று சொல்வார், ஏ.சி.காரர் ஒன்று சொல்வார், நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை. ராத்திரி வேலையும் வரும், ஏனென்றால் பகலில் மற்ற மாடிகளில் ஆபீஸ் நடக்கும், துளை போட விடமாட்டார்கள். பெண்பிள்ளையை அனுப்பத் தயங்குவீர்கள், தெரியும், எங்கள் வீட்டிலும் அதே சண்டைதான். நல்ல நிறுவனம் வண்டி கொடுக்கும், கொடுக்காத இடத்தில் சேர வேண்டாம்.

மாடுலர் கிச்சன் ஷோரூம்களும், லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன் மாதிரி பெங்களூரில் பிறந்த நிறுவனங்களும் புதிதாகப் படித்து வருகிறவர்களை எடுக்கும். அட்டையில் டிசைனர் என்று இருந்தாலும் இதில் பாதி விற்பனை வேலை. வாடிக்கையாளரிடம் பேசக் கூச்சப்படுகிற பெண்ணாக இருந்தால் முதலில் கஷ்டம், ஆனால் விலைப் பட்டியல் மனப்பாடமாகும், அது பின்னால் சோறு போடும். கடைகளுக்கு மட்டும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், விளக்கு அமைப்பு மட்டும் பார்க்கிறவர்கள், கண்காட்சி ஸ்டால் போடுகிறவர்கள், மருத்துவமனை, ஓட்டல். எஸ்டிமேஷன் என்று ஒரு வேலை இருக்கிறது, எத்தனை சதுர அடி, எத்தனை ஷீட், என்ன ரேட் என்று அளவுப் பட்டியல் போடுவது. கவர்ச்சியே இல்லாத இந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை, காமர்ஸ் படித்த உங்கள் தங்கச்சி இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

வீட்டிலிருந்தே 3டி படம் போட்டுக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று யூடியூபில் சொல்வார்கள். கொஞ்ச காலம் முன்னால் சரி. இப்போது வாடிக்கையாளரே ஏ.ஐ.யில் பத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்து, இது மாதிரி செய்யுங்கள் என்கிறார். அந்தப் படத்தில் தூணே இல்லாமல் மாடி நிற்கும், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாது. அதைக் கட்டக்கூடியதாக மாற்றித் தருகிற ஆளுக்கு வேலை போகாது, படம் மட்டும் போடுகிற ஆளுக்கு நிச்சயம் குறையும்.

சம்பளம் பற்றி நேராகவே சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் பெங்களூரில் பி.ஜி. வாடகை, சாப்பாடு, பஸ் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. உடன் படித்தவர்களில் ஐ.டி. பக்கம் போனவர்களோடு ஒப்பிட்டால் வயிறெரியும். சைட்டைத் தனியாக நடத்தத் தெரிந்த பிறகு ஏறும், சிலருக்கு நன்றாகவே ஏறும். சொந்தமாகச் செய்தால் டிசைனுக்கு மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்கலாம், அல்லது முழு வேலையையும் எடுத்துச் செய்யலாம். முழு வேலையில் பணம் அதிகம், தலைவலியும் அதிகம்: கடைசித் தவணை மட்டும் "கிரகப்பிரவேசம் முடியட்டும்மா, பார்க்கலாம்" என்று இழுக்கும். நான் இப்போது பொருள் இறங்குவதற்கு முன்னாலேயே பெரும்பங்கை வாங்கிவிடுகிறேன். பிளைவுட் கடை கொடுக்கிற கமிஷன் இன்னொரு சங்கதி. வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் வாங்கினால் ஊர் சின்னது, ஒரு நாள் தெரியத்தான் செய்யும்.

நம் ஊரிலேயே தொழில் நடக்குமா என்றால், ஓசூரில் நடக்கும், சிப்காட் கம்பெனிகளும் புதுக் குடியிருப்புகளும் வந்துகொண்டே இருக்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரியில் வீடு கட்டுகிறவர்கள் டிசைனுக்குத் தனியாகக் காசு கொடுக்க இன்னும் யோசிப்பார்கள், ஜவுளிக்கடை, நகைக்கடை, கிளினிக் வைத்திருப்பவர்கள் கொடுப்பார்கள். வேறெங்கும் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: பர்கூர், ஜெகதேவி பக்கத்து கிரானைட். பாரடைசோ என்று வெளிநாட்டுக்குப் போகிற கல் இங்கே வெட்டுகிறதுதான். லீவில் ஒரு பட்டறையில் அவளை நிற்க வைத்து, பெரிய கல்லைப் பலகையாக அறுப்பது, பாலிஷ் போடுவது, ஓரத்தை உருட்டுவது, எங்கே விரிசல் ஓடும் என்று தட்டிப் பார்ப்பது எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அகமதாபாத்காரனுக்கே இது கிடைக்காது.

கடைசியாக, தினமும் காவேரிப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்குப் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, போக வர நாளே பஸ்ஸில் போய்விடும், ஸ்டூடியோ வேலை ராத்திரி வரை இழுக்கும். ஓசூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்கே தங்கட்டும், பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோ ஆர்.வி. ரோடு வரை போகிறது. கல்லூரி பெங்களூருக்கு வடக்கே எலஹங்கா பக்கம் என்றால் இதுவும் ஒத்துவராது, ஹாஸ்டல்தான். சேருவதற்கு முன் ஒரு வேலை நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு அந்த வழியில் போய் வந்து பாருங்கள்.