ஒற்றைக்கல் மோதிரம் ஏன் அலுப்பதில்லை? – கேள்வி பதில்

நிச்சயதார்த்த மோதிரம் என்றால் ஒரே ஒரு வைரம், வெறும் வளையம். எத்தனை தலைமுறையாக இதே மாதிரி! அலுக்காதா அண்ணா?

கல் பதிக்கும் மேஜையில் பாதி ஆயுள் போய்விட்டது, எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பூவேலை, கொடிவேலை செய்த மோதிரத்தைப் பார்த்தால் எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். ஒற்றைக்கல்லில் வயதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. 1886-ல் டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனம் ஆறு கொக்கிகள் வைத்துக் கல்லை வளையத்துக்கு மேலே தூக்கி நிறுத்தியது. இன்றைக்கும் நாங்கள் செய்வது ஏறக்குறைய அதுதான். எந்தக் கோணத்தில் பட்டை தீட்டினால் உள்ளே போகும் ஒளி அடியில் கசியாமல் மேலேயே திரும்பும் என்று 1919-ல் வைரம் தீட்டும் குடும்பத்தைச் சேர்ந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுக் காட்டினார். இப்போது நாம் பார்க்கும் 57 பட்டை வட்ட வைரம் அந்தக் கணக்கை ஒட்டி வளர்ந்தது. அப்புறம் உலோகத்துக்கு என்ன வேலை? கல்லைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதுதான்.

வைர மோதிரம் போடுவது உண்மையிலேயே பழைய வழக்கமா, விளம்பரமா?

இரண்டும்தான். 1477-ல் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன், பர்கண்டியின் மேரிக்கு வைர மோதிரம் கொடுத்தார். ஆனால் அது அரண்மனை விஷயம். எல்லோருக்கும் வைரம்தான் வேண்டும் என்று ஆனதில் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘வைரம் என்றென்றைக்கும்’ என்ற அவர்களுடைய வாசகம் 1947-ல் எழுதப்பட்டது.

நான்கு கொக்கியா, ஆறா?

நான்கு வைத்தால் கல் அதிகம் தெரியும். ஆறு வைத்தால் ஒன்று ஒடிந்தாலும் மற்றவை தாங்கும். சின்னக் கல்லுக்கு ஆறு வைத்தால் கொக்கிதான் தெரியும், கல் தெரியாது. 1 கேரட் வட்ட வைரமே சுமார் 6.5 மில்லிமீட்டர்தான். அந்த அளவுக்கும் அதற்கு மேலும் என் ஓட்டு ஆறுக்கு.

எமரால்டு கட் பிடித்திருக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. மரகதம் இல்லை, செவ்வகமாக வெட்டிய வைரம்தான் அது. படிக்கட்டு போல நீளப் பட்டைகள். மினுமினுப்பு குறைவு, கையை அசைத்தால் பளீரென்று ஒரு வெட்டு வெட்டும். ஆனால் அது ஜன்னல் மாதிரி, உள்ளே இருக்கும் புள்ளி, கீற்று எல்லாம் தெரியும். வட்டக் கல் மறைத்துவிடும் குறையை இது மறைக்காது. அதனால் தெளிவில் ஒரு படி மேலே வாங்குங்கள்.

பாட்டியின் மோதிரக் கல் மங்கலாக, சற்றுச் சதுரமாக இருக்கிறது. மறுபடி பட்டை தீட்டலாமா?

வேண்டாம் தம்பி! கையால் தீட்டிய பழைய கல்லாக இருக்கலாம். பட்டைகள் பெரிது, விளக்கு வெளிச்சத்தில் அதன் அழகே தனி. மறுபடி தீட்டினால் எடையும் போகும், அந்த அழகும் போகும். முதலில் கழுவிப் பாருங்கள். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சட்டென்று ஒட்டும். சோப்பு, கிரீம் எல்லாம் கல்லின் அடியில் படலமாகப் படிந்துவிட்டால், மேலே திரும்ப வேண்டிய ஒளி அங்கேயே கசிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மென்மையான பிரஷ். கல்லின் அடியில்தான் தேய்க்க வேண்டும். பாதிப் பேர் மேலே மட்டும் துடைத்துவிட்டு, வைரம் மங்கிவிட்டது என்று என்னிடம் வருகிறார்கள். ஆனால் கழுவும் முன் கொக்கிகள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வைரம் உடையாதுதானே?

கீறல் விழுவது அரிது, ஏனென்றால் இன்னொரு வைரம்தான் கீறும். உடைவது வேறு கதை. சில திசைகளில் சரியாக அடி பட்டால் பிளந்துவிடும். கூர்மையான மூலைகள் உள்ள கல்லுக்கு மூலையை மூடிய கொக்கி அவசியம்.

கொக்கி தேய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்வெட்டர் நூலில் மாட்டி இழுத்தால் ஒரு கொக்கி தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். ‘டிக் டிக்’ என்று சின்னச் சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது. அன்றைக்கே கழற்றி, சிறு டப்பாவில் போட்டு, பட்டறைக்குக் கொண்டு போங்கள்.