மாணவர் ஆவணப்படம்: சேலத்துப் பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

இந்தப் பருவத்தில் ஆவணப்பட வேலையோடு மல்லுக்கட்டும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் கேட்டவை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (அம்மாப்பேட்டை): சார், குழித்தறி நெய்யும் அக்கா ஒருவரைப் பேட்டி எடுத்தோம். தறிச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. மறுபடி போய்த் தறியை நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம்ப்பா. நெய்த அளவுக்குத்தான் அவருக்குக் கூலி. நீங்கள் 'ஒன் மோர்' கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவர் காசு போகிறது. பகலில் வேலையை மட்டும் எடுங்கள். அவர் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறார், நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் வரும். கேமராவைத் தரையோடு இறக்குங்கள். மிதியை அழுத்தும் கால்களை யாரும் எடுப்பதில்லை. அவரிடம் கேட்டுவிட்டு, கால் படாத மூலையில் ஒரு செல்போனைக் குழிக்குள் வைத்துப் பாருங்கள்.

பேச்சை அவர் தறியை விட்டு எழுந்த பிறகு காலர் மைக்கில் தனியாகப் பதியுங்கள். கேமரா வேண்டாம், அது இல்லாவிட்டால் பேச்சு தானாக வரும். அப்புறம், யாரும் பேசாத வெறும் தறிச் சத்தம் இரண்டு நிமிடம் வேண்டும். எடிட்டிங்கில் பேச்சை வெட்டி ஒட்டிய இடத்தை மறைக்க அதுதான் கைகொடுக்கும். விசைத்தறிக் கூடம் என்றால் உள்ளே பேட்டி என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): கொலுசுப் பட்டறையில் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன.

பதில்: டியூப்லைட் வேலை. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கேற்ப விளக்கு மினுங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி, பிரேம் நொடிக்கு 25 வைத்து மறுபடி எடுங்கள்.

கேள்வி (ஏற்காடு): வெளியே எடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் லென்ஸ் வேர்த்துவிடுகிறது. வெளியே எடுத்த காட்சியும் மூடுபனியில் ஒரே வெள்ளை.

பதில்: குளிர்ந்த கேமராவைப் பைக்குள் மூடியே உள்ளே கொண்டுபோய், சூடு சமமாகும்வரை திறக்காதீர்கள். மூட்டத்தில் தூரக் காட்சிக்கு ஆசைப்படாமல், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் மாதிரி ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும்படி நில்லுங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): சேலத்துப் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றி எடுக்கிறோம். முகப்பு வளைவைத் தவிர எதுவும் மிச்சமில்லை. பழைய படக் காட்சிகளைச் சேர்க்கலாமா?

பதில்: வளைவை எடுக்காத மாணவர் சேலத்தில் இல்லை! டி.ஆர். சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் தயாரான இடம் அது. அங்கே தச்சு வேலை, லைட் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களைத் தேடுங்கள். உங்கள் ஆவணப்படத்துக்கான கதை அவர்கள் வீட்டு அலமாரியில் கிடக்கலாம்.

உரிமை விஷயம்: நம் சட்டப்படி திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1956இல் அங்கிருந்து வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது. பாட்டு அப்படியில்லை. எழுதியவர், இசையமைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை ஓடும். அதனால் பாட்டுக் காட்சியைத் தொடாதீர்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): குழுவில் ஐந்து பேர், வேலை செய்வது ஒருத்தர்தான்.

பதில்: எல்லாக் குழுவிலும் அப்படித்தான். மெமரி கார்டு அந்த ஒருத்தரிடமே இருக்கட்டும். இரண்டு இடத்தில் காப்பி ஏறாமல் அழிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.